நோயாளியின் மேல் விழும் பழி

புற்றுநோய் என்று உறுதியான வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் பலரும் ஒரே பேச்சைத்தான் கொண்டுவருகிறார்கள். "எதிர்ப்பு சக்தி குறைஞ்சுபோச்சு, அதான் வந்திருக்கு. அதை ஏத்திவிட்டா உடம்பே பாத்துக்கும்." அன்பில் சொல்வதுதான், அதில் ஐயமில்லை. கூடவே ஒரு சூரணமோ கஷாயப் பொடியோ, யாரோ பேசிய காணொளியோ வந்து சேரும். சிகிச்சை தொடங்கிச் சில மாதம் கழித்து, ஸ்கேனில் கட்டி குறையவில்லை என்று தெரியும்போது அதே பேச்சு தீர்ப்பாக மாறுகிறது. "அவருக்கு உடம்புல சக்தியே இல்லை, மருந்து எப்படி வேலை செய்யும்?" சரியாகச் சாப்பிடவில்லை, மனதைத் திடமாக வைத்துக்கொள்ளவில்லை, முன்பே உடம்பைப் பேணவில்லை என்று குற்றப்பட்டியல் நீள்கிறது. படுக்கையில் கிடப்பவர் மருந்து தோற்றதற்கும் தானே காரணம் என்று நம்பத் தொடங்குகிறார். இந்தப் பழி இரக்கமற்றது. அதோடு, அறிவியலின்படி தவறானது. அதைத்தான் இங்கே நிறுவப்போகிறேன்.

இந்தப் பேச்சுக்கு அடியில் உள்ள நம்பிக்கையை முதலில் நேர்மையாக எடுத்துவைப்போம். எதிர்ப்பு சக்தி என்பது ரத்தச் சர்க்கரை போல ஏறவும் இறங்கவும் கூடிய ஓர் அளவு. அது இறங்கினால் புற்று முளைக்கும், ஏற்றினால் புற்று அழியும். இதற்குப் படித்தவர்களின் வடிவம் ஒன்றும் உண்டு. மருத்துவமனை விளம்பரங்களிலும் நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களிலும் அது 'உங்கள் எதிர்ப்பு சக்தியைத் தட்டியெழுப்பும் ஊசி' என்று வருகிறது. மரபணு அறிக்கையும் கட்டியில் பிடி-எல்1 என்ற புரதத்தின் சதவீதமும் பொருந்தினால் பலன் கிடைக்கும், பொருந்தாவிட்டால் விதி என்பதோடு அந்தப் பேச்சு முடிகிறது. சூரணம் கொடுப்பவரும் ஊசி போடுபவரும் ஒன்றுபோல விட்டுவிடுவது கட்டி வளரும் இடத்தை. அந்த இடம் எவ்வளவு கெட்டி, உள்ளே எவ்வளவு அழுத்தம், ரத்தக்குழாய் எவ்வளவு தூரம், நார்கள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன? நோயெதிர்ப்புச் செல் புற்றுச் செல்லைச் சென்று தொடுமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை இந்த இயற்பியல் நிலைமைகள்.

எதிர்ப்பு சக்தி குறைவதால்தான் புற்று வருகிறது என்றால் அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறார்கள். எச்.ஐ.வி. தொற்று முற்றியவர்களுக்கு அது வைரஸாலேயே அடங்கிவிடுகிறது. இந்த இரு கூட்டத்தாரையும் ஒப்பிட்டு ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ குரூலிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் லான்செட் இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். இரு கூட்டத்தாருக்கும் நிணநீர்ப் புற்றுகளும் கபோசி சார்கோமாவும், கிருமிகளோடு தொடர்புடைய வேறு பல புற்றுகளும் கூடியிருந்தன. மார்பகப் புற்றும் புராஸ்டேட் புற்றும் கூடவில்லை. நம்மூரில் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுகளில் முன்னணியில் நிற்பது மார்பகப் புற்று. எதிர்ப்பையே மருந்தால் அடக்கி வைத்த உடம்பில் அது கூடவில்லை என்றால், அந்தப் பெண்ணிடம் போய் "உன் எதிர்ப்பு சக்தி குறைஞ்சதால வந்தது" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

எதிர்ப்பை 'ஏற்றுவது' என்ற எண்ணத்தையும் இதே இடத்தில் பார்த்துவிடலாம். உண்மையிலேயே அதை நிபந்தனையின்றி ஏற்றினால் என்ன ஆகும் என்று 2006 மார்ச்சில் லண்டனில் தெரிந்தது. டிஜிஎன்1412 என்ற சோதனை மருந்து டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களை ஒட்டுமொத்தமாக முடுக்கிவிடும் வகையைச் சேர்ந்தது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த ஆறு தன்னார்வலர்களுக்கு அது ஏற்றப்பட்டது. சில மணி நேரத்தில் ஆறு பேரின் உள்ளுறுப்புகளும் செயலிழக்கத் தொடங்கின. தீவிர சிகிச்சையால்தான் உயிர் தப்பினார்கள். கஷாயமும் மாத்திரையும் இந்த அளவுக்கு எதையும் ஏற்றுவதில்லை. ஆனாலும் அவை ஒன்றும் செய்யாது என்று விட்டுவிடவும் முடியாது. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்டவர்களை மும்பை ஈரல் மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், கீமோ ஏறும் உடம்பில் மருந்தைச் சிதைத்து வெளியேற்ற உழைப்பது பெரும்பாலும் ஈரல்தான். மருத்துவரிடம் சொல்லாமல் அந்த ஈரலின் மேல் இன்னொரு சுமையை ஏற்றுவது ஆபத்தான விளையாட்டு.

இனி படித்த வடிவத்துக்கு வருகிறேன். ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றது, டி செல்களின் மேல் உள்ள தடைகளைக் கண்டு, அவற்றை நீக்கும் வழிக்கு அடித்தளம் இட்டதற்காக. அது மாபெரும் சாதனை. முன்பு மாதக்கணக்கில் வாழ்வு முடிந்துபோன, முற்றிய தோல் மெலனோமா நோயாளிகளில் ஒரு பகுதியினர் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். ஆனால் அந்த மருந்துகளைக் கையாளும் எந்தப் புற்றுநோய் மருத்துவரையும் கேளுங்கள், ஒரே நோயாளியின் உடம்பில் நுரையீரல் கட்டி சுருங்க, ஈரல் கட்டி வளர்வதைக் கண்டிருப்பார். கலப்பு விளைவு என்று அதைக் குறிக்கிறார்கள். ஈரலுக்குப் பரவிய நோய் இந்த மருந்துகளுக்கு மோசமாகவே பணிகிறது என்பது பல புற்றுகளில் பார்த்த செய்தி.

இதில் நின்று யோசியுங்கள். இரண்டு கட்டிக்கும் ஒரே ரத்தம், ஒரே எலும்பு மஜ்ஜை, ஒரே சாப்பாடு, ஒரே மன உறுதி, நரம்பில் ஏறிய ஒரே மருந்து. எதிர்ப்பு சக்தி என்பது உடம்பு முழுக்க ஓர் அளவு என்றால் இரண்டு கட்டிகளும் ஒன்றாகச் சுருங்க வேண்டும் அல்லது ஒன்றாக வளர வேண்டும். அப்படி நடக்கவில்லை. புற்றுச் செல்களும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இடத்தின் பங்கை ஒதுக்கிவிட்டு இதை விளக்க முடியாது.

இடம் முக்கியம் என்பது புதிய யோசனையும் இல்லை. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889இல், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தார். ஈரலில் 241 பேருக்குப் பரவியிருந்தது, மண்ணீரலில் 17 பேருக்கு மட்டும். ரத்தம் இரண்டுக்கும்தான் போகிறது. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் எழுதினார். 1984இல் கலிஃபோர்னியாவில் மினா பிஸ்ஸலும் டேவிட் டோல்பெர்கும் கோழிக் கருவில் ரவுஸ் சார்கோமா வைரஸைச் செலுத்தினார்கள். வளர்ந்த கோழியில் கொடிய கட்டியை உண்டாக்கும் வைரஸ் அது. கருவுக்குள் செல்களைத் தொற்றியும் கட்டி வரவில்லை. அதே செல்களைக் கருவிலிருந்து பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது அவை புற்றுச் செல்களாக மாறின. புற்று மரபணு ஒன்றேதான், சுற்றுப்புறம் வேறு. இந்தச் சோதனை வெளியாகி நாற்பது ஆண்டு கடந்தும், பொதுமக்களுக்கு எழுதப்படும் புற்றுநோய்க் கட்டுரைகளில் மரபணுதான் கதாநாயகன்.

கட்டி கெட்டியானது என்பது நம் பாட்டிமார்களுக்கும் தெரியும். "கல்லு மாதிரி ஏதோ தட்டுப்படுது" என்றுதான் மார்பகக் கட்டியைப் பெண்கள் முதலில் சொல்கிறார்கள். அந்தக் கெட்டித்தனத்தை அளந்து பார்த்தவர் ஆய்வாளர் வலேரி வீவர். அவரது குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், எலியின் இயல்பான பால்சுரப்பித் திசு ஏறத்தாழ 170 பாஸ்கல் கடினம், கட்டி ஏறத்தாழ 4,000 பாஸ்கல். இருபது மடங்குக்கு மேல். அந்தக் கடினத்தில் பெரும்பங்கு புற்றுச் செல்களைச் சுற்றி அடுக்கப்படும் கொலாஜன் நார்களுடையது. லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி நார்களை ஒன்றோடொன்று தைத்து இறுக்குகிறது. இறுக்கம் புற்றுச் செல்லை மேலும் தூண்ட, அது சுற்றியுள்ள நார்ச்செல்களைத் தூண்ட, அவை இன்னும் நாரைச் சுரக்கின்றன. காயம் பட்ட இடத்தில் தழும்பு உண்டாகும் அதே வேலை இங்கே முடிவில்லாமல் நடக்கிறது. கட்டி என்பது ஆறாத காயம் என்று ஹெரால்ட் டிவோராக் 1986இல் எழுதியது இதனால்தான்.

இப்போது ஒரு டி செல்லைப் பின்தொடர்வோம். அது புற்றை அடையாளம் கண்டுவிட்டது, எண்ணிக்கையில் பெருகிவிட்டது, ரத்தத்தில் ஓடிவருகிறது. முதலில் அது ரத்தக்குழாயை விட்டு வெளியே இறங்க வேண்டும். கட்டிக்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் கோணலானவை, ஒழுகுபவை. ஒழுகிய திரவம் வடிய வழியின்றித் தேங்குகிறது, ஏனென்றால் பெருகும் செல்களின் நெருக்கத்தில் நிணநீர்க் குழாய்கள் நசுங்கிவிட்டன. இயல்பான திசுவில் பூஜ்யத்தை ஒட்டியிருக்கும் திரவ அழுத்தம் கட்டிக்குள் 10, 20, சில நேரம் 40 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குப் போகிறது. கான்பூர் ஐஐடியில் படித்து, பின்னர் பாஸ்டனில் ஆய்வகம் நடத்தும் ராக்கேஷ் ஜெயின் தம் வாழ்நாளையே இந்த அழுத்தங்களை அளப்பதில் செலவிட்டவர். திரவ அழுத்தம் ஒருபுறம், நெருக்கும் திசுவின் திட அழுத்தம் மறுபுறம். திட அழுத்தம் ரத்தக்குழாயையே மூடிவிடுகிறது. மூடிய குழாய் வழியாக மருந்தும் வராது, டி செல்லும் வராது. திறந்திருக்கும் குழாய்களிலும் உட்சுவரில் டி செல் பற்றிக்கொள்ள வேண்டிய மூலக்கூறுகள் குறைந்துபோயிருக்கின்றன.

எப்படியோ இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது நார்க்காடு. டி செல் தன் வெளியுடம்பை நெளித்துக்கொள்ளும், அதன் உட்கரு அவ்வளவு நெளியாது. நாரிடுக்கின் பரப்பு ஏறத்தாழ 4 சதுர மைக்ரானுக்குக் கீழே போனால் டி செல் நின்றுவிடுகிறது என்று பீட்டர் ஃபிரீடலின் குழு 2013இல் அளந்து காட்டியது. பாரிஸில் எம்மானுவேல் டோனாடியூவின் குழு, நுரையீரல் புற்று நோயாளிகளிடமிருந்து எடுத்த உயிருள்ள திசுத் துண்டுகளில் டி செல்கள் நகர்வதைப் படம்பிடித்து 2012இல் வெளியிட்டது. நார் தளர்ந்த இடங்களில் அவை வேகமாக ஓடின. புற்றுச் செல் கூட்டங்களைச் சுற்றி நார் அடர்ந்து, கூட்டத்துக்கு இணையாக வளைந்து ஓடிய இடங்களில், டி செல்களும் நாரோடு போய்க் கூட்டத்தை உரசாமலே கடந்தன. கொலாஜனைக் கரைக்கும் நொதியை இட்டபோது டி செல்கள் புற்றுச் செல்களை எட்டின. அதே நோயாளி, அதே டி செல், அதே புற்று. மாறியது நார் மட்டும். இந்த ஒரு சோதனையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு "உடம்பில் சக்தி இல்லை" என்ற பேச்சை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

நார் பாதையை மட்டும் அடைப்பதில்லை, செல்லோடு பேசவும் செய்கிறது. டி செல்லின் மேற்பரப்பில் லேர்-1 என்ற ஏற்பி இருக்கிறது. கொலாஜன் அதில் பட்டால் செல்லுக்கு 'ஓய்ந்துபோ' என்ற செய்தி போகிறது. பிடி-1 என்ற தடையை நீக்கும் மருந்து கொடுத்தும் பலன் கிட்டாத எலிகளில் இந்த வழி வேலை செய்ததை 2020இல் காட்டினார்கள்.

அதற்கும் உள்ளே காற்றில்லை. ஆக்சிஜன் ரத்தக்குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தூரம்கூடப் போய்ச்சேருவதில்லை. இதை 1955இலேயே ஆய்வாளர்கள் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் புற்றுத் திசுவை நுண்ணோக்கியில் அளந்து எழுதினார்கள். ஆக்சிஜன் குறைந்த செல்கள் எச்.ஐ.எஃப். என்ற புரதத்தின் வழியாகத் தங்களை மாற்றிக்கொள்கின்றன. அந்த வழியைக் கண்டவர்களுக்கு 2019இல் நோபல் கிடைத்தது. அங்கே லாக்டிக் அமிலம் தேங்குகிறது, அடினோசின் சேர்கிறது, இரண்டுமே டி செல்லை முடக்குபவை. செத்துச் சிதையும் செல்களிலிருந்து பொட்டாசியம் கசிகிறது. கட்டியின் திரவத்தில் அது ரத்தத்தில் இருப்பதைவிட 5 முதல் 10 மடங்கு கூடியிருப்பதையும், அந்த அளவில் டி செல் புற்றைக் கண்டுகொண்டாலும் தாக்க முடியாமல் மழுங்கிப்போவதையும் அமெரிக்காவில் நிக்கலஸ் ரெஸ்டிஃபோவின் குழு 2016இல் கண்டது.

கடைசி அடியும் இயற்பியல்தான். டி செல் புற்றுச் செல்லைத் தொட்டபின் வெறும் நஞ்சை மட்டும் செலுத்துவதில்லை, உடல் வலுவோடு அமுக்குகிறது. அந்த அமுக்கத்தில்தான் எதிரிச் செல்லின் சவ்வு விறைத்து நஞ்சுக்கு வழிவிடுகிறது என்று நியூயார்க்கில் மார்கன் ஹியூஸின் குழு 2016இல் நிறுவியது. புற்றுச் செல்லோ, சுற்றிலும் கெட்டியான திசு இருக்கத் தான் மட்டும் மெத்தென்று இருக்கிறது. சவ்வில் சேரும் கொழுப்பு அதை மேலும் மிருதுவாக்குகிறது. மிருதுவான உடலில் அமுக்கம் பிடிக்காது. சுவிட்சர்லாந்தில் 2021இல் அந்தக் கொழுப்பை அகற்றிச் செல்லை விறைக்க வைத்தபோது டி செல்கள் கூடுதலாகக் கொன்றன. திசுவில் கெட்டித்தனம் புற்றுக்குச் சாதகம், செல்லில் கெட்டித்தனம் நமக்குச் சாதகம். இத்தனை நுணுக்கமான ஒன்றைச் 'சக்தி' என்ற ஒரே சொல்லில் அடைப்பது அறியாமை.

இவை எல்லாம் ஆய்வகச் செய்திகள், நோயாளியின் வாழ்வில் இதற்கு என்ன பொருள் என்று கேட்கலாம். 2006இல் ஜெரோம் கேலோனின் பாரிஸ் குழு சயன்ஸ் இதழில் பதில் தந்தது. பெருங்குடல் புற்று அறுவை செய்துகொண்டவர்களின் கட்டிகளை எடுத்து, டி செல்கள் எந்த வகை, எவ்வளவு அடர்த்தி, எந்த இடத்தில் நிற்கின்றன என்று எண்ணினார்கள். நடுவிலும் விளிம்பிலும் அவை நிறைந்திருந்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள். நோயின் கட்டத்தை வைத்துச் சொல்வதைவிட இந்தக் கணக்கு நோயாளியின் எதிர்காலத்தை நன்றாகச் சொன்னது. அதிலிருந்து கட்டிகளை மூன்று வகையாகப் பிரிக்கும் வழக்கம் வந்தது: டி செல் உள்ளே நிறைந்தவை, விளிம்பில் திரண்டு உள்ளே போக முடியாமல் நிற்பவை, அறவே இல்லாதவை. நடுவில் உள்ளது எனக்கு முக்கியம். அங்கே நோயாளியின் எதிர்ப்பு தன் வேலையைச் செய்து வாசல்வரை வந்திருக்கிறது. அட்டிசோலிசுமாப் என்ற தடைநீக்க மருந்து கொடுக்கப்பட்ட சிறுநீர்ப்பைப் புற்று நோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்து 2018இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை, இப்படி வெளியே நிற்கும் கட்டிகளில் மருந்து தோற்பதற்கும் நார்ச்செல்களில் டிஜிஎஃப்-பீட்டா என்ற தழும்புச் செய்தி ஓங்கியிருப்பதற்கும் உள்ள தொடர்பைக் காட்டியது.

மருந்தைக் கூட்டினால் போதும் என்ற எண்ணத்துக்கு இந்தியாவிலிருந்தே மறுப்பு இருக்கிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் முற்றிய தலை, கழுத்துப் புற்று நோயாளிகள் 151 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. வாய்வழி மருந்துகளோடு சிலருக்கு நிவோலுமாப் என்ற தடைநீக்க மருந்து 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை சேர்க்கப்பட்டது. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓராண்டு கடந்து வாழ்ந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமானார்கள். தடையை நீக்க அவ்வளவு சிறிய அளவே பெரும் பயன் தருகிறது என்றால், பணத்தைக் கொட்டி அளவைக் கூட்டுவது பலனை அதே கணக்கில் கூட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. பலன் கிட்டாதவர்களுக்கு வேறொரு தடை இருக்கிறது.

மரபணுவை முன்வைப்பவர்கள் ஒரு நியாயமான கேள்வி எழுப்புவார்கள். டிஎன்ஏ பழுதுபார்ப்பு கெட்டுப்போன பெருங்குடல் புற்றுகள் இம்யூனோதெரபி எனப்படும் இந்தத் தடைநீக்க மருந்துகளுக்கு அருமையாகப் பணிகின்றன, அங்கே தீர்மானிப்பது மரபணுதானே? ஆம், அங்கே மரபணுதான். டி செல்லுக்கு அடையாளம் தெரிவதற்கே புற்றில் மாற்றங்கள் வேண்டும். ஆனால் அடையாளம் தெரிவது போதுமா? கார்-டி சிகிச்சையில் நோயாளியின் டி செல்லை எடுத்து, இன்னதைக் கொல் என்று ஆய்வகத்திலேயே அடையாளம் பொருத்தி அனுப்புகிறோம். ரத்தப் புற்றுகளில் அது அதிசயம் செய்தது. மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மையமும் உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு 2023இல் அனுமதி கிடைத்தது, அதுவும் ரத்தப் புற்றுகளுக்குத்தான். திடக்கட்டிகளில் அதே உத்தி உலகெங்கும் திணறுகிறது. பொருத்தமான குறி கிடைக்காததும் ஒரு காரணம். உள்ளே போகவும் போனபின் பிழைத்திருக்கவும் முடியாதது இன்னொரு பெரும் காரணம்.

"அப்படியானால் நாரைக் கரைத்துவிட்டால் முடிந்ததா?" இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொன்னவர்கள் பட்ட அடியை மறைக்கக் கூடாது. கணையப் புற்றில் கட்டியின் பருமனில் பெரும்பகுதி புற்றுச் செல்லே இல்லை, நாரும் நார்ச்செல்களும்தான். 2009இல் எலிகளில் ஹெட்ஜ்ஹாக் என்ற செல் செய்திவழியைத் தடுத்து நாரைக் குறைத்தபோது கீமோ உள்ளே போனது, எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. மனிதர்களிடம் போனபோது மருந்து பெற்றவர்கள் முன்னதாகவே இறந்தார்கள். 2012இல் சோதனை நிறுத்தப்பட்டது. கட்டிக்குள் நீரைப் பிடித்து அழுத்தத்தைக் கூட்டும் ஹயலூரோனனைக் கரைக்கும் நொதியை அடுத்து முயன்றார்கள். 2019இல் அந்தப் பெருஞ்சோதனையும் தோற்றது: நொதி பெற்றவர்கள் நடுமதிப்பாக 11.2 மாதம், பெறாதவர்கள் 11.5 மாதம். நடுவே 2014இல், எலிகளின் கணையக் கட்டியிலிருந்து நார்ச்செல்களைப் பெருமளவு குறைத்த இரண்டு ஆய்வுகள் புற்று இன்னும் மூர்க்கமாவதைக் கண்டிருந்தன.

இந்தத் தோல்விகளைக் காட்டி, சுற்றுப்புறம் பேசியவர்கள் தோற்றார்கள் என்று முடிக்கிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. நார்ச்செல்களைப் பெருமளவு குறைத்தபோது நோய் போன போக்கே மாறியது என்றால் நார் பெரும் பங்கு வகிக்கிறது என்றுதான் பொருள். தோற்றது, அதை வெறும் சுவராக எண்ணி இடித்த அவசரம். நார்ச்செல்களில் புற்றை வளர்ப்பவையும் உண்டு, வளையமிட்டு அடக்கி வைப்பவையும் உண்டு. இடிப்பதைவிடச் சீர்செய்வதே வழி என்று ராக்கேஷ் ஜெயின் 2001இலேயே ரத்தக்குழாய்களைப் பற்றி எழுதினார். குழாய்களைப் பட்டினி போட்டு அழிக்கும் அளவுக்கு மருந்தைக் கொடுக்காமல், கோணலை நிமிர்த்தி ஒழுக்கை அடைக்கும் அளவுக்குக் கொடுத்தால் ஆக்சிஜனும் மருந்தும் டி செல்லும் உள்ளே போகும் என்பது அவர் வாதம். ஈரல் புற்றில் இந்தத் திசைக்கு வலுவான மனிதச் சான்று 2020இல் வந்தது. அட்டிசோலிசுமாபோடு ரத்தக்குழாய் மருந்தான பெவாசிசுமாபையும் சேர்த்தபோது ஓராண்டு பிழைத்தவர்கள் 67.2 சதவீதம், பழைய மாத்திரையான சொராஃபெனிப் பெற்றவர்கள் 54.6 சதவீதம். பெவாசிசுமாப் நேரடியாக நோயெதிர்ப்பையும் விடுவிக்கிறது, ஆகவே எல்லாப் புகழும் குழாய் நிமிர்ந்ததற்கே என்று சொல்லமாட்டேன். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் லோசார்ட்டன் மாத்திரை கொலாஜனைக் குறைக்கும் என்று கண்டு, பாஸ்டனில் கணையப் புற்று நோயாளிகள் 49 பேருக்குக் கீமோவோடு கொடுத்தார்கள். அறுவைக்கு ஆகாது என்றிருந்தவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்குக் கட்டியை முழுதாக அகற்ற முடிந்தது. ஒப்பிட வேறு குழு இல்லாத சிறிய சோதனை அது. மருந்துக்கடையில் லோசார்ட்டன் வாங்கித் தாங்களாகச் சாப்பிட யாருக்கும் இது அனுமதிச் சீட்டு ஆகாது.

நம் மண்ணோடு இதற்குள்ள நேரடித் தொடர்பு வாயில் இருக்கிறது. பாக்கையும் குட்காவையும் ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்தவர்களின் கன்னம் உள்ளே வெளுத்து விறைக்கிறது. வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைகிறது, காரம் பட்டால் எரிகிறது. வாய்த் திசு நார் இறுக்க நோய் அது, புற்றுக்கு முந்தைய நிலை. பாக்கில் உள்ள அரிகோலின் நார்ச்செல்லைத் தூண்டுகிறது. பாக்கின் தாமிரம் லைசில் ஆக்சிடேஸை முடுக்குகிறது. மார்பகக் கட்டியில் நாரைத் தைத்து இறுக்கிய அதே நொதி இங்கே புற்று தோன்றுவதற்கு முன்பே கன்னத்தில் வேலை செய்கிறது. பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் முதல் வகுப்பில் வைத்தது. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013 முதல் தடை. பெட்டிக்கடையில் கேட்டால் இன்றும் கிடைக்கிறது. ஈரலிலும் இதே கதைதான். ஈரல் புற்றுகளில் பத்தில் எட்டுக்கு மேல் ஏற்கெனவே தழும்பேறிய ஈரலில்தான் தோன்றுகின்றன. மதுவும் ஹெப்படைடிஸ்-பி கிருமியும் கொழுப்பும் அந்தத் தழும்பைப் போடுகின்றன. எதிர்ப்பு சக்திக்குப் பொடி விற்கும் காசில் நூறில் ஒரு பங்கு, கன்னம் விறைத்த இளைஞரைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போகச் செலவானால் அது உண்மையான புற்றுநோய்த் தடுப்பு.

புற்றுநோய் வந்தவர் நன்றாகச் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், முடிந்தால் நடக்க வேண்டும். அவை கீமோவைத் தாங்கும் வலுவைத் தரும், ஆகவே அவற்றைச் சொல்லுங்கள். கட்டி சுருங்காததற்கு அவற்றைக் காரணம் காட்டாதீர்கள். பயாப்சி அறிக்கை வரும்போது பிடி-எல்1 எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்தாமல், டி செல்கள் கட்டிக்குள் இருக்கின்றனவா, விளிம்பில் நிற்கின்றனவா, நார் எப்படி இருக்கிறது என்றும் மருத்துவரைக் கேளுங்கள். எல்லா ஆய்வகமும் இதை இன்று எழுதித் தருவதில்லை. கேட்கிறவர்கள் பெருகினால் எழுதித் தருவார்கள். அடுத்தமுறை ஒரு நோயாளியைப் பார்க்கப் போகும்போது, "உனக்கு எதிர்ப்பு சக்தி இல்லை" என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள்.